சோத்தாங்கைப் பக்கம் சாய்ந்த மிஷின்

இடது என்ற சொல்லே ராஜமாணிக்கத்துக்கு ஆகாது. பெண்ணாடத்தில் பெண் எடுத்தபோது, மாப்பிள்ளை அழைப்பில் மச்சான் கொளஞ்சி இடக்கைப் பழக்கத்தில் வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டான். தட்டைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபையில் கொளஞ்சி தலைகுனிந்து நின்றதைச் சொல்லிச் சொல்லியே பல வருஷம் சிரித்தார். பெரிய சாஸ்திரக்காரர் என்று நினைப்பு. சட்டியில் இருந்த சரக்கே அவ்வளவுதான்.

2009இல் மகள் தமிழ்ச்செல்விக்குக் கடலூரில் வரன் அமைந்தது. சிதம்பரத்தில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர் சீர்க்கட்டிலை வெளியில் வாங்கலாமா? சம்பந்தி வாயைப் பிளக்கவேண்டும் என்று, பட்டறையில் தன்னோடு வேலை செய்த கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு மரமறுக்கும் மேசை மிஷின் வாங்கப் போனார்.

கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்றில் பிளேடு இடப்பக்கம் சாயும், மற்றதில் வலப்பக்கம். பலகையை அணைத்துத் தள்ளும் தடுப்புக்கட்டை வலப்பக்கம் இருக்கிறது. பிளேடும் அந்தப் பக்கமே சாய்ந்தால் நடுவில் மாட்டும் மரம் பின்னால் எகிறும், இடச்சாய்வே நல்லது என்றார். இவர் காதில் விழுந்தது 'இட' மட்டும்.

"பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கறது மச்சான். பீச்சாங்கைப் பக்கம் சாயறது நம்ம வூட்டுக்கு வேணாம்" என்று வலச்சாய்வை ஏற்றிவந்தார்.

கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஓரத்தைச் சாய்த்து அறுக்கும் நாள் வந்தது. கொளஞ்சி தடுப்புக்கட்டையைக் கழற்றினான்.

"இத எடது பக்கம் மாட்டிக்கலாம் மாமா. இல்லன்னா மரம் ஒதைக்கும்."

"சோத்தாங்கைப் பக்கம் இருக்கறத அந்தப் பக்கம் மாத்துவியா? ஒன் புத்தி வேற எங்க போவும்."

கொளஞ்சி கட்டையை மறுபடி வலப்பக்கமே மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ராஜமாணிக்கமே சுவிட்சைப் போட்டார். பாதிப் பலகை போயிருக்கும். மாட்டிய துண்டு எகிறிவந்து வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்து மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்களிடம் கண்திருஷ்டி என்றார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றும் சொன்னார்.

முகூர்த்தத்தில் மகளைத் தாரை வார்க்க அவர் இடக்கையை நீட்டினார். ஐயர் அந்தக் கையையே பார்த்தார். சம்பந்தி வீடு மொத்தமும் பார்த்தது.

"அந்தக் கை ஆவாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க" என்றாள் மனைவி தில்லையம்மாள். "ஒதுங்குங்க. தாய்மாமன் இருக்கான்."

கொளஞ்சி வந்து வலக்கையாலேயே தாரை வார்த்தான். எந்தக் கைக்கு எது வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பந்தியில் ராஜமாணிக்கம் சாம்பார் சோற்றை இடக்கையால் அள்ளினார். பாதி வாய்க்குப் போனது, பாதி பட்டுச்சட்டையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி தன் இலையை மெல்ல அந்தாண்டை நகர்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.