வாசல்படி தாண்டாத பொரி

கறுப்புச் சட்டை, எள்ளுருண்டை, பொரி. மூன்றும் ஒரே தாம்பாளத்தில் என் வீட்டுக்குள் வந்தன, அதுவும் பொங்கல் அன்றைக்கு. என் பயத்தை யாரும் பார்க்கவில்லை. நான் பார்க்கவிடவில்லை.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் தாராவியில் எங்கள் சந்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. பொங்கல் அன்று பெண்கள் எல்லோரும் தெருவிலேயே வரிசையாக அடுப்பு வைப்போம். முதல் அடுப்பு என்னுடையது. என் பானை பொங்காமல் அங்கே யாரும் குலவை போடமாட்டார்கள். நாற்பது வருடமாக அப்படித்தான்.

என் மகனும் மருமகளும் செம்பூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்து கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள். மருமகள் மராட்டிக்காரி. நல்ல பெண். என்னிடம் அவளே தமிழ் பழகிக்கொண்டாள். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை. எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு நாள் கிடந்தது. நெஞ்சு பலமில்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சில் ஒரு சின்ன விசில் கேட்கும். அந்த விசில் கேட்டாலும் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். குழம்பு கொதிக்கிற சத்தத்தில் அது கேட்காமல் போய்விடுமே என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய் காது வைத்துக் கேட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருமகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அத்தை, இது என் அக்கா பையன். சங்கராந்திக்கு எங்க ஆளுங்க குழந்தைக்கு இப்படித்தான் செய்வாங்க. போர்நஹாண். அம்மா அன்னிக்குச் சாயங்காலம் வர்றாங்க, நம்ம பாப்பாக்குச் செய்ய. ஓகேதானே?"

படத்தில் ஒரு குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டு மணையில் உட்காரவைத்திருந்தார்கள். கழுத்திலும் கையிலும் வெள்ளைச் சர்க்கரை மணியில் கோத்த நகை. சுற்றி நின்ற பெண்கள் பொரியும் இலந்தைப்பழமும் கரும்புத் துண்டும் கலந்து அதன் தலைமேல் கொட்டினார்கள். பொரி காதோரம் சரிந்து தரையெல்லாம் வெள்ளையாகப் பரவியது. குழந்தை சிரித்தது.

"ஓகே" என்றேன். என்ன ஏது என்று கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். அப்புறம் வீட்டு மூலையில் தண்ணி புழங்குகிற மோரியில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பொரியே ஆகாது என்று சொல்லவில்லை. ஆயுத பூசைக்குப் பொரி படைக்கிறோம், தின்கிறோம். தட்டில் இருக்கிற பொரியைக் கண்டு எனக்குப் பயமில்லை. கையிலிருந்து கீழே விழுகிற பொரிதான். எங்கள் பக்கத்தில் ஆள் செத்துப்போனால்தான், பாடைக்கு முன்னால் பொரியை இறைத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு முதலில் பிறந்ததும் பெண்தான். பத்து மாதம் இருந்தாள். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். சின்னப் பிள்ளைக்கு மேளமும் கிடையாது, பொரியும் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "என் மகளுக்கு எந்தக் குறையும் இருக்கக்கூடாது" என்று அவளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பொரி தூவிக்கொண்டே நடந்தார். நான் இதே வாசல்படியில் நின்றேன். பொம்பளை அதற்கு மேல் போகக்கூடாது. சந்து நெடுக ஒரு வெள்ளைக்கோடு மெயின் ரோடு வரைக்கும் போனது. மறுநாள் ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள்.

இந்தக் கதை என் மகனுக்குத் தெரியாது. அவன் பிறப்பதற்கு முந்தியது. நானும் சொன்னதில்லை.

இப்போது என் பேத்திக்கும் பத்து மாதம்.

பொங்கலுக்கு முதல் நாள் மருமகள் இரண்டு பாக்கெட் பொரி வாங்கி பீரோமேல் வைத்தாள். மறுநாள் காலையில் என் பானை கிழக்குப் பக்கமாக நன்றாகத்தான் பொங்கியது. குலவை போட்டேன். ஆனால் மனம் பீரோமேலேயே இருந்தது. மத்தியானம் எல்லோரும் அசந்திருந்தபோது இரண்டு பாக்கெட்டையும் மடியில் கட்டிக்கொண்டு போய்ச் சந்துக் கடைசியில் நிற்கிற ஆடுகளுக்குப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் சம்மந்தியம்மா வந்தார். தானும் கறுப்புச் சேலைதான் கட்டியிருந்தார். தாம்பாளத்தை மூடியிருந்த துணியை எடுத்தார். எள்ளுருண்டை. கறுப்புச் சட்டை. பக்கத்தில் பெரிய பாக்கெட்டாக மூன்று பாக்கெட் பொரி. ஆடு தின்றதுதான் மிச்சம்.

அதற்குள் யாரோ என் மகனிடம் சொல்லிவிட்டார்கள்.

"எம்மா, பொரிய ஆட்டுக்கா போட்டே?"

"ஆமால, நாந்தான் போட்டேன். அதுக்கு என்ன இப்போ?"

"அவுக பழக்கம்னா ஒனக்கு அவ்வளவு எளக்காரமா? வாய்விட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. சம்மந்தியம்மா தாம்பாளத்தைத் திரும்ப மூடினார். நான் அவர்களைக் கேவலமாக நினைக்கிறேன் என்றே மூன்று பேரும் நினைத்துவிட்டார்கள். நான் யாரையும் கேவலமாக நினைத்தவள் இல்லை. அந்தப் பழி எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால்தான் சொன்னேன். நின்றபடியே, வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பத்து மாதம், காய்ச்சல், தோள், வெள்ளைக்கோடு. மருமகள் தன் அம்மாவுக்கு மராட்டியில் மெதுவாகச் சொன்னாள். மகன் என் கையைப் பிடிக்க வந்தான். தள்ளிவிட்டேன்.

சம்மந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது பம்பாய் இந்திதான், ஓட்டை இந்தி. அதில், எப்போதும் போல என்னைப் பாயி, அதாவது அம்மா, என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு மட்டும்தான் பயமா, பாயி? கண்ணாடிப் பெட்டிக்கு வெளியில உங்க பக்கத்துல நின்னது யாரு? நான்தானே. இந்தக் குழந்தை வெளிய வந்தா முதல் சங்கராந்திக்குக் கறுப்புப் போட்டு இதைச் செய்யறேன்னு அன்னைக்கே நேந்துக்கிட்டேன். செய்யாம விட்டா என்ன ஆகுமோன்னு எனக்கும் பயம்தான்."

"கறுப்பு எதுக்கு? நல்ல நாளும் அதுவுமா?"

"நீங்க எதுக்குக் கன்னத்துல கறுப்புப் பொட்டு வைக்கறீங்க? கண்ணு படாம இருக்கத்தானே? உங்களுக்கு ஒரு பொட்டு போதும். எங்க பயம் பெருசு, முழுச் சட்டை வேணும்."

மருமகள் அழுகையோடே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தால் எனக்குப் பயம், செய்யாவிட்டால் அவருக்குப் பயம். குழந்தையோ கையை நீட்டி அந்தக் கறுப்புச் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தது.

"செய்யுங்க" என்றேன். "ஆனா கதவைச் சாத்தித்தான் செய்யணும். ஒரு பொரி வாசப்படி தாண்டக்கூடாது. படியில நான் உக்காந்துக்கிடுதேன்."

"டென்ஷன் எடுக்காதீங்க அத்தை" என்று மருமகள் பொரி பொறுக்கப் பக்கத்துப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

முந்தானையைச் சுருட்டிக் கதவிடுக்கில் அடைத்துவிட்டு நான் படியோரம் உட்கார்ந்தேன். பேத்தியை மணையில் வைத்தார்கள். சர்க்கரை நகை போட்டார்கள். சம்மந்தியம்மா இரண்டு கையாலும் அள்ளித் தலைமேல் கொட்டினார். நான் பொரியைப் பார்க்கவில்லை. குழந்தையின் நெஞ்சையே பார்த்தேன். ஏறுகிறதா, இறங்குகிறதா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் விழுந்து புரண்டு பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் தன் மடியில் கிடந்த பொரியை எடுத்துப் பேத்தியும் வாயில் போட்டாள். இருமினாள். முகம் சிவந்தது. விசில் நின்றுபோனது.

எப்படி எழுந்தேனென்று தெரியவில்லை. மணையிலிருந்து அவளைத் தூக்கிக் குப்புறப் போட்டு முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். நனைந்த பொரி ஒன்று என் காலடியில் விழுந்தது. பிறகு அவள் வீட்டையே தூக்குகிற மாதிரி அழுதாள். அந்த அழுகையைப் போல நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. சம்மந்தியம்மா கையில் மிச்சமிருந்த பொரியைத் தாம்பாளத்திலேயே போட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்த பின் நானே பெருக்கினேன். யாரையும் துடைப்பத்தைத் தொடவிடவில்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மணையின் காலிடுக்கில் கிடந்ததையெல்லாம் தேடி ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். பிள்ளைகளை உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்லித்தான் வெளியே விட்டேன்.

இருட்டுவதற்கு முன் செம்பூருக்குப் போகவேண்டும் என்று சம்மந்தியம்மா கிளம்பினார். ஒரு காலை வாசல்படிக்கு வெளியே வைத்துவிட்டார். கறுப்புச் சேலையின் ஓரத்தில், மடிப்புக்குள், வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"சம்மந்தி, நில்லுங்க."

அவர் அப்படியே நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் யார் காலடியிலும் குனிந்தவள் இல்லை. அன்றைக்குக் குனிந்தேன். சேலை ஓரத்தைப் பிடித்து அந்தப் பொரியை எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. வாயில் போட்டு மென்று முழுங்கினேன். லேசாக உப்புக் கரித்தது.

"ஆச்சா? போகவா?" என்றார்.

"இந்தக் காலையும் தூக்கிக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார்.