வேறு பக்கம் பார்த்தபடி வந்த விமானம்

என் வீட்டுக்காரருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். அதனாலேயே சக்கரம் வைத்தது எல்லாமே தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. ஊரில் பழைய கார் வாங்கப் போகிறவன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேட்காதவனிடம் அவரே தேடிப் போய்ச் சொல்வார்.

யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று எங்கள் ஊர்ப்பக்கம் கிடக்கிறது. அதில் விமானம் இறங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அந்த சிமெண்டுத் தரை எங்களுக்குக் களம், அவ்வளவுதான். உளுந்தோ மக்காச்சோளமோ, கொண்டுபோய்க் கொட்டி, சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டால் அந்த இடம் அன்றைக்கு நம்முடையது.

அது ஆடி மாதம். மேற்கே கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேல்காற்று ஆளைத் தள்ளியது. மக்காச்சோளத்தைப் பாதையில் பரப்பிவிட்டு, மேற்கு ஓரத்துப் புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். நானும் அவரும், கூலிக்கு வந்த இரண்டு பெண்களும். அப்போதுதான் தெற்கே தாழ்வாக ஒரு சின்ன விமானம் தெரிந்தது.

அதன் மூக்கு நேராக எங்கள் புளியமரத்தைப் பார்த்திருந்தது. அவர் சோற்றுக் கையோடு எழுந்தார்.

“மரத்து மேலதான் வந்து வுழும். எல்லாம் நடுவால வாங்க, ஏந்திரிங்க.”

டிராக்டர்காரர் சொல்லிவிட்டார். நாங்கள் நால்வரும் ஓடிப்போய்ப் பாதையின் நட்டநடுவில், சோளத்தின் மேல் நின்றோம். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முதலில், சத்தமே இல்லை. எஞ்சின் நின்றுபோயிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மரத்துக்குப் போகிற விமானம் மரத்துப் பக்கம் கொஞ்சமாவது நகர வேண்டுமே, நகரவில்லை. வானத்தில் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கு மேற்கே திரும்பியிருந்ததால் அதன் பக்கவாட்டுக் கதவுகூடத் தெரிந்தது. தெருவில் ஒரு ஆள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நம்மை நோக்கியே நடந்து வந்தால் எப்படி இருக்கும்?

“இன்னாங்க, நம்மகிட்டதாங்க வருது.”

“வராது. மூக்கு எங்க பாக்குதோ அங்கதான் வண்டி போவும்.”

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அந்தப் பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். நான் மட்டும் ஓடியிருக்கலாம். அந்தப் பிடிவாதக்காரரை அங்கே விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. சாவு பயத்தைவிட அவர்மேல் கோபம்தான் அதிகமாக இருந்தது. இந்த மனுஷனோடு சேர்ந்து சாக வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

சக்கரம் தரையில் பட்டது. எங்களை நோக்கி நேராக ஓடிவந்து, சோளத்தில் ஏறுமுன் சட்டென்று மேற்கே வெட்டித் திரும்பியது. இறக்கை எங்கள் தலைக்கு மேல் போனதை நான் பார்க்கவில்லை, நிழல்தான் முகத்தைத் தடவிவிட்டுப் போனது. காற்று ஒரு பக்கத்து இறக்கையைத் தூக்க, விமானம் ஓரத்தில் இறங்கி, புளியமரத்தில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்தது. எங்கள் சாப்பாட்டுத் தூக்கு அதன் அடியில் நசுங்கியது.

“பாத்தியா, மரத்துலதான் வுழுந்துது,” என்றார் அவர். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

உள்ளே பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர்தான் பெல்ட்டை அறுத்து, தாங்கிப் பிடித்து இறக்கினார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் அழவில்லை. அவன் தலையை இவர் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். நாலு பேரும் இருக்கிறோமா என்று பார்த்தான் போல.

“நீங்க எல்லாரும் மரத்தடியிலதான இருந்தீங்க?” என்றான். “பாதையில ஆளே இல்லை. சோளத்து மேல உருண்டு போயி நின்னிருப்பேன். எதுக்கு நடுவுல வந்து நின்னீங்க?”

என் வீட்டுக்காரர்தான் மெல்லச் சொன்னார்.

“நீ மரத்தப் பாத்துக்கினு வந்த தம்பி.”

“காத்து பக்கவாட்டுல அடிச்சா மூக்கைக் காத்துக்குள்ள திருப்பி வெச்சாத்தான் நேரா வர முடியும்,” என்றான் பையன். அதைச் சொல்ல அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “நான் மரத்தைப் பாக்கவே இல்லைங்க. கடைசி வரைக்கும் உங்களைத்தான் பாத்துட்டே வந்தேன்,” என்றான்.

அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர் திரும்பி, சோளத்தின் மேல் நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். பையனின் தலை ஆடாமல் இருக்க நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.