வாடிப்பட்டிப் பிரதி

நான் பழங்காநத்தத்தில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மதுரையைச் சுற்றி இப்படி ஏழு நூலகங்களை நடத்தும் அறக்கட்டளை, போன வருடம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் இணைத்தது. ஓர் ஊரில் இல்லாத புத்தகத்தை இன்னோர் ஊரிலிருந்து பொத்தானை அழுத்தி வரவழைக்கலாம். பயிற்சி வகுப்பில் மற்றவர்கள் டீக்கும் வடைக்கும் காத்திருக்க, நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இப்படி வரும் முதல் புத்தகம் என் நூலகத்துக்குத்தான் வர வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அற்ப ஆசைதான்.

வாய்ப்பும் வந்தது. பக்கத்து ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு பெண், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர், பழைய புள்ளியியல் நூல் ஒன்றைக் கேட்டார். அது இப்போது அச்சில் இல்லை. எங்கள் ஏழு நூலகங்களுக்கும் சேர்த்து ஒரே பிரதி, வாடிப்பட்டியில். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அடுத்த வருடம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும், இதுதான் கடைசி.

“வாடிப்பட்டி பஸ்ல ஒரு மணி நேரந்தான சார். ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, நானே போய் வாங்கியாரேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “அந்தக் காலமெல்லாம் போச்சும்மா. இனிமே நீங்க புத்தகத்தத் தேடிப் போக வேணாம், அது ஒங்களத் தேடி வரும்” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ‘பரிசீலனையில்’ என்று மஞ்சள் நிறத்தில் வந்தது. பத்து நாள் கழித்தும் மஞ்சள்தான். வாடிப்பட்டி நூலகரைப் போனில் பிடித்தேன்.

“கம்ப்யூட்டர் நல்லாத்தாண்ணே இருக்கு. ஆயுதபூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்சுத் துணி போட்டு மூடுனது, அதுக்கப்புறம் தொறக்கல. புத்தகம் இந்தா, கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. யாரையாச்சும் அனுப்புங்க, குடுத்துவிடுறேன்.”

கையில் கொடுத்துவிட்டால் அது சிஸ்டத்தில் ஏறாது. சிஸ்டத்தில் ஏறாத புத்தகம் வந்தும் வராததுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலை நினைவூட்டியும் எழுதினேன். இதற்கிடையில் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாடிப்பட்டிக்காரர் அழைத்தார். மேலிடத்தில் வாங்கிய திட்டு குரலில் தெரிந்தது.

“அண்ணே, கம்ப்யூட்டரத் தொறந்துட்டேன். ஆனா அந்தப் புத்தகத்த ஒரு பொண்ணு தெனமும் இங்க வந்து உக்காந்து படிக்குது, நோட்டுல எழுதுது. கொஞ்ச நாள் பொறுத்து அனுப்பட்டுமா?”

“இங்க ஒரு வாசகர் வாரக்கணக்கா காத்துக்கிடக்காங்க. பதிவு பண்ணுனவங்களுக்குத்தான் முன்னுரிமை. விதின்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னிக்கே அனுப்புங்க.”

மாலைக்குள் திரை பச்சையானது: ‘பயணத்தில்’. அதைப் படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல்கள் குவிந்தன. ஆனால் வாரம் ஒருமுறை கிளம்பும் வண்டி, அலங்காநல்லூர், அந்த ஊர், இந்த ஊர் என்று சுற்றித்தான் தலைமை அலுவலகத்துக்கு வரும். அங்கே எந்த ஊருக்கு என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் விடுப்பில் இருந்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தை என் புத்தகம் பதினாறு நாளில் கடந்தது.

வந்ததும் அந்தப் பெண்ணை அழைத்தேன். “நீங்க கேட்ட புத்தகம் வந்துருச்சும்மா” என்றேன், அவ்வளவு பெருமையாக. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

“பரீட்ச ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருச்சு சார். சரியா எழுதல. கடையில தெனமும் அரை நாள் லீவு சொல்லிட்டு வாடிப்பட்டிக்கே போய்த்தான் படிச்சேன். பாதி முடிச்சிருந்தேன். அப்புறம் யாரோ அவசரமா கேக்குறாங்கன்னு அங்க இருந்த சார் சொன்னாரு. பாவம், அவங்களுக்கும் இது கடைசி வருசமோ என்னமோன்னு நானே எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்.”

நான் புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

“அப்ப இன்னொரு காப்பி இருந்துச்சா சார்? எந்த ஊர்லருந்து வந்துச்சு?”

“வாடிப்பட்டி” என்றேன்.

கடையில் யாரோ பில் கேட்கும் சத்தம் போனில் வந்தது. பிறகு, “சரி சார், கடையில ஆள் நிக்குது” என்று போனை வைத்துவிட்டார்.