முந்நூறு முறை மூழ்கியவன்

செய்தி வந்தபோது ஞாயிறு காலை பதினொன்று நாற்பது. பொற்கொடி பிளஸ் டூ இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அந்தமானிலிருந்து பேசியவர் பம்பு கம்பெனி ஆள். அவள் கணவன் பிரவின்குமார் கடலுக்கடியிலிருந்து நல்லபடியாகவே மேலே வந்தார் என்றும், படகில் ஏற்றிய பிறகுதான் உயிர் போனது என்றும் மிக மரியாதையாகச் சொன்னார்.

பல்லடத்தில் எரிந்த மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டி, பம்பும் விற்கும் கடை வைத்திருந்தான் பிரவின்குமார். அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கடையல்ல, நுரையீரல். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்குவான். ஒன்றரை நிமிடத்தில் அடியை உதைத்துக் குடமோ குழாயோ கையோடு வருவான். அவன் அப்பாவைத் தோட்டத்துக் கிணற்றில் கால் கழுவ விடாதவர்கள் மகனுக்குக் கார் அனுப்பினார்கள். அந்தக் கார்தான் தலைக்கு ஏறிவிட்டது என்று பொற்கொடி நினைப்பாள்.

நிறைய பம்பு விற்றவர்களைக் கம்பெனி அந்தமானுக்கு அழைத்துப்போனது. முதல் நாள் முதுகில் சிலிண்டரைக் கட்டி முப்பதடியில் மீன் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அதுவே ஜென்மத்துக்கும் போதும். இவனுக்கு அது முழங்கால் ஆழ வாய்க்கால். நூறடியில் ஒரு பாறை இருக்கிறது, பழகியவர்கள்தான் போகலாம் என்றதும் அதற்கான விண்ணப்பப் பாரத்தைக் கேட்டு வாங்கினான். இதுவரை எத்தனை முறை மூழ்கியிருக்கிறீர்கள் என்ற இடத்தில் முந்நூறு என்று எழுதினான். பொய்யில்லை. எங்கே என்று கேட்க அந்தப் பாரத்தில் இடமில்லை. கேட்க வேண்டியவருக்கோ படகு நிறைந்தால் போதும்.

பாரத்தைப் படமெடுத்துப் பெருமையாக மனைவிக்கு அனுப்பினான். அவள் விவரம் தேடிப் படித்துவிட்டு உடனே அழைத்தாள். அடியில் இழுக்கும் சிலிண்டர் காற்று மேலே வர வர விரியும், அடைத்து வைத்தால் நுரையீரல் கிழியும் என்று, வகுப்பில் பலூனை வைத்துச் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"ஏனுங்க, மேல வாரப்ப மூச்ச உட்டுக்கிட்டே வரோணுமாமுங்க. புதுசாப் போறவீங்களுக்கு அறுவதடிக்குக் கீழ ஆகாதுன்னு போட்டிருக்குது."

"மூச்சப் புடிக்காம எவனாச்சும் தண்ணிக்குள்ள போவானா அம்மணி? நீ பசங்க பேப்பரத் திருத்து, போதும்."

நூறடியில் அவன் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பொறு என்று வழிகாட்டி கை காட்டினாராம். முந்நூறு முறை செய்ததையே பிரவின்குமார் செய்தான். வாயை இறுக மூடி, பாறையை உதைத்து, நேராக மேலே வந்தான். எல்லோரையும் முந்தி வந்தவனுக்குப் படகில் கைதட்டினார்கள். அதை எடுத்து யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்ட வீடியோவை, அழிப்பதற்குள் பொற்கொடி பார்த்துவிட்டாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கடலைத் திட்டினார்கள், பாதிப் பேர் விதியை. பாரத்தைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் நஞ்சப்பன் காரில் வந்தார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழும்போது குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. நம்ம கெணத்துல மோட்டார் கொழாயோட அடியில மாட்டியிருந்த புட்வால்வு கழண்டு வுழுந்து கெடக்குதுங்க. அந்தமான் போயிட்டு வந்து எடுத்துத் தாரேன்னு தம்பி சொல்லியிருந்துச்சு. வேற ஆராச்சும் இருக்காங்களா?"

அவளுக்குத் தெரிந்து யாரும் இல்லை. நாற்பதடித் தண்ணீருக்கு அடியில் அந்தப் புட்வால்வு இன்னும் கிடக்கிறது.