ஓலை வாசித்த வீட்டில் கப்பல் படங்கள்

எங்கள் வீட்டுக்குக் கப்பல்கள் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தன. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்த ஓர் ஏப்ரல் மாதம். நான் எம்.ஏ. முடித்த கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய புகைப்படங்கள் இருந்தன. நூறு வருஷத்துக்கு முந்தைய தூத்துக்குடி, கொழும்பு, கல்கத்தா, லண்டன் துறைமுகங்கள். எல்லாவற்றிலும் பாய்மரக் கப்பல்கள். ஒரு காலத்தில் இங்கே பஞ்சு வாங்கிக் கப்பலேற்றிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போனவை.

"லீவுல டிபார்ட்மென்ட் பூட்டிக் கிடக்கும், கரையான் தின்னுரும். நீ வீட்டுல சும்மாதானே இருக்க. ஒவ்வொண்ணும் என்னன்னு பாத்து எழுதி வையி," என்றார் மேடம். "ஜூன்ல காலேஜ் திறக்குற அன்னைக்கு வந்து சேந்துரு. இந்தப் படங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்குதாங்க. அதோட ஒரு வருஷத்துக்கு டெம்பரரி லெக்சரர் போஸ்ட்டும் உண்டு. அன்னைக்கு நீ வரலன்னா அடுத்த பிள்ளையத்தான் கூப்பிடணும், பாத்துக்கோ."

நான் வீட்டில் சும்மா இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. எனக்கு ஓலை வாசித்திருந்தார்கள்.

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஐயர் வாசிப்பார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார்தான் ஐயர். இவர்கள் விவாகம் செய்யக் கூடாது என்பதற்கு நியாயமான ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்பார். சபை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. இதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். வாசித்த பிறகு கல்யாணம் வரைக்கும் பெண் வாசல் தாண்டக் கூடாது. தன் ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கோயிலுக்கும் போகக் கூடாது. அதைத் தன் காதால் கேட்பது நல்லதல்லவாம். வேதத்தில் இதற்கு ஒரு வசனமும் கிடையாது. ஆதியாகமத்திலிருந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேட்டால் "அது அப்படித்தான்" என்பார்கள்.

ஒரு மாதம் என்றால் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையோ கப்பல்காரர். வள்ளியூர்ப் பையன், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். லீவு கொஞ்ச நாள்தான் என்பதால், இறங்கிய கையோடு கல்யாணம் என்று மண்டபம் பிடித்திருந்தார்கள். "மாப்பிள்ள வந்து இறங்கட்டுமே சார்" என்று ஐயர் இழுத்துப் பார்த்தார். அப்பா ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார்; எதையும் கடைசி நேரத்துக்கு விட்டுவைக்கப் பிடிக்காது. மாப்பிள்ளை நடுக்கடலில் இருக்கும்போதே மூன்று ஓலையையும் வாசிக்க வைத்துவிட்டார். அந்த வாரமே வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் போன் செய்தார். கப்பல் முதலாளிக்கும் வேறு யாருக்குமோ வழக்காம். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலைப் பிடித்து நிறுத்திவிட்டார்களாம். ஆட்கள் யாரும் கீழே இறங்கக் கூடாதாம்.

"விட்டுருவான், கவலைப்படாதிய" என்றார் சம்பந்தி. அப்பா மண்டபத்துக்காரரைப் பார்த்துத் தேதியை மாற்றிவிட்டு வந்தார். என் விஷயத்தில் மாற்ற ஒன்றும் இல்லை. வாசித்தது வாசித்ததுதான்.

அப்படி அடைபட்டுக் கிடந்த வீட்டுக்குத்தான் அந்தப் பெட்டி வந்தது. ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தடித்த அட்டையில் ஒட்டிய படங்கள், கடுங்காப்பி நிறத்துக்குப் பழுத்திருந்தன. தூத்துக்குடிப் படங்களில் முன்னால் பஞ்சுப் பொதிகளும் தோணிகளும் தலைப்பாகைக் கூலிகளும். கப்பல்கள் எங்கோ தொலைவில் புள்ளியாகத் தெரிந்தன. அங்கே கரையோரம் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, சரக்கெல்லாம் தோணியில் போய் ஏறியிருக்கிறது. பஞ்சு, கருப்பட்டி, நிலாவரை. நிலாவரை இலை நம் மாவட்டத்துச் சரக்கு; வெள்ளைக்காரர்கள் அதைத் திருநெல்வேலிப் பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் ஊரின் பெயர் உலகம் சுற்றியது பேதி மருந்தாகத்தான் என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதினேன். அப்பா அதை அடிக்கச் சொன்னார்.

அப்பாவுக்குக் கப்பல் என்றால் உயிர். மாப்பிள்ளையைப் பிடித்துப்போனதற்கும் அதுதான் பாதிக் காரணம் என்று அம்மாவே சொல்லுவாள். சாயங்காலம் காப்பி குடித்ததும் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்வார்.

"ஏட்டி, இங்க பாரு. மூணு பாய்மரம். இதுல எத்தன கயிறு ஓடுது பாத்தியா? இருட்டுல எந்தக் கயிறு எதுக்குன்னு எப்படித் தெரியும் அவனுவளுக்கு!"

அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம். எனக்கு ஆத்திரமே அதில்தான். உலகத்துத் துறைமுகம் அத்தனையும் என்னோடு சுற்றி வருவார். முக்குக் கடையில் ஒரு பேனா வாங்கி வருகிறேன் என்றால், "நான் வாங்கியாரேன்" என்று சட்டையை மாட்டுவார். மே மாதம் சித்தப்பா பிள்ளைகள் வேன் பிடித்துப் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனார்கள். திரும்பும் வழியில் ஈரத் தலையோடு எங்கள் வீட்டில் இறங்கி, தண்ணீர் எப்படி விழுந்தது என்று எனக்கு விளக்கினார்கள். எனக்கு அவர்களை ஆளுக்கொரு அறை விடலாம்போல இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பாதிப் பெட்டி முடிந்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். ஒரு படத்தில்கூடக் கப்பல் ஓடவில்லை. எல்லாம் நங்கூரம் போட்டோ துறையில் கட்டியோ நிற்கின்றன. பாய்களைச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள். யோசித்தால் காரணம் எளிது. படம் எடுத்தவர்கள் கரையில் இருந்தார்கள், அவர்களுடைய பெட்டிக் கேமராவும் அசையாததைத்தான் ஒழுங்காகப் பிடித்தது. பொதி சுமந்து நடந்த கூலியின் முகம் எல்லாப் படத்திலும் கலங்கி அழிந்திருந்தது. நின்றவனுக்கு மட்டும்தான் முகம். உலகம் முழுக்கக் காற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய கப்பல்கள், நம் கண்ணுக்கு மிஞ்சியது கட்டிப்போட்ட கோலத்தில். ஒருவர் வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் படம் எடுத்து இதுதான் இவர் என்று மாட்டிவைத்தால் எப்படி இருக்கும்? எனக்கு அன்று அழுகை வந்தது. கப்பலுக்காக யாராவது அழுவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு வெறி பிடித்தமாதிரி, ஓடுகிற கப்பல் ஒன்றையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேடினேன். கடைசியில் ஒரு படம் கிடைத்தது. எல்லாப் பாய்களும் விரிந்திருந்தன. "அப்பா!" என்று கத்தியே விட்டேன். அப்பா ஓடிவந்து, பூதக்கண்ணாடியை வைத்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர், முன்பக்கத்தில் நிறுத்தினார்.

"நங்கூரச் சங்கிலி தண்ணிக்குள்ள கிடக்குட்டி. மழையில நனைஞ்ச பாயக் காயப்போட்டிருக்கான்" என்றார்.

சேலை காயப்போடுகிற மாதிரி. நான் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

அம்மா இந்தப் படங்கள் பக்கமே வரமாட்டாள். அவளுக்குச் சமையற்கட்டு, அது விட்டால் வேதப்புத்தகம். ஒரே ஒரு படத்தை மட்டும் கையில் வாங்கிப் பார்த்தாள். கப்பல் தளத்தில் கப்பல் தலைவனின் பெண்டாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். கழுத்து வரை பொத்தான் போட்ட உடுப்பு, பக்கத்தில் கோழிக்கூண்டு, சுற்றிலும் கயிற்றுச் சுருள். நாலு பேர் நெருக்கி நிற்கக்கூடிய இடம். அந்தக் காலத்தில் சில தலைவர்கள் பெண்டாட்டியையும் கூடவே கூட்டிப்போவார்கள், வருஷக்கணக்கில் கப்பலில்தான் குடித்தனம் என்று விளக்கினேன்.

"இவளுக்குப் பேச்சுத்துணைக்கு யாரு உண்டு?" என்று கேட்டாள் அம்மா. படத்தைத் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒருநாள் மாப்பிள்ளையே போனில் பேசினார். கப்பலிலிருந்து எப்படியோ இணைப்பு வாங்கியிருந்தார். ஒன்று சொன்னால் அது போய்ச் சேர்ந்து பதில் திரும்பக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் எட்டி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கரை தெரியுதா?" என்று கேட்டேன். முதல்முதலாக அவரிடம் நான் பேசியது அதுதான்.

"நல்லாத் தெரியுது. பஸ் போறதுகூடத் தெரியுது. இறங்கத்தான் விட மாட்டேங்கான். நீங்க என்ன செய்யுதீங்க?"

"வீட்டுக்குள்ளதான். ஓலை வாசிச்சாச்சுல்லா."

அது அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு, "எங்களை மீன் பிடிக்கவாவது விடுதான்" என்றார். சிரித்துவிட்டேன். நல்ல மனிதர். பிறகும் நல்ல மனிதராகவே இருந்தார், இன்றும் இருக்கிறார். அவர்மேல் எனக்கு அப்போதும் ஒரு குறையும் கிடையாது.

மே கடைசி வாரம் ஐயர் வீட்டுக்கு வந்தார். ஓலை வாசித்துக் குறிப்பிட்ட காலத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் அது செல்லாது, மறுபடி வாசிக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்றார். எனக்கு யாரோ கதவைத் திறந்துவிட்டமாதிரி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. அவர் வந்து இறங்கட்டும், பிறகு வாசித்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் நான் வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஓலையை அப்படியே விட்டா, கல்யாணம் நின்னுபோச்சும்பான் ஊருல. உனக்கு மட்டுமில்லட்டி, அந்தப் பையனுக்கும் கெட்ட பேரு" என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். பயந்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஐயர் பக்கம் திரும்பி, வருகிற ஞாயிறே முதல் ஓலையை வாசித்துவிடச் சொன்னார்.

"ஐயரே, ஆட்சேபணைய யாரு வேணும்னாலும் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"சொல்லலாம் மகளே."

"பொண்ணு?"

அப்பா என்னைப் பார்த்தார். ஐயர் மெதுவாக, "சட்டப்படி சொல்லலாம். ஆனா ஆராதனையில, சபைக்கு முன்னால, எந்திரிச்சு நின்னு சொல்லணும்" என்றார்.

"அப்ப ஞாயித்துக்கிழம நான் கோயிலுக்கு வாரேன்."

"ஓலை வாசிக்கையில பொண்ணு கோயிலுக்கு வார வழக்கம் கிடையாது" என்றார் அப்பா. ஐயர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜெபம் செய்தார். கப்பலில் இருப்பவர் பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார்.

சனிக்கிழமை கல்லூரியிலிருந்து பியூன் வந்தார். நான் நாளை மறுநாள் வருவேனா என்று மேடம் கேட்கச் சொன்னாராம். அப்பா என்னை முந்திக்கொண்டு, "வர முடியாத நிலம அண்ணாச்சி, படங்களைக் கொண்டுபோயிருங்க" என்றார். பெட்டியைக் கட்டிக்கொடுத்ததும் அப்பாதான். கயிற்றை ரெண்டு சுற்று சுற்றி, ஆட்டோவரைக்கும் தானே தூக்கிக்கொண்டு போனார். வெறும் மேஜையின் முன்னால் அவர் அன்று சாயங்காலம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எனக்கு இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின்மேல் எரிச்சலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனார். ஓலைப் பெண்ணைத் தனியாக விடக் கூடாது என்று அம்மா வீட்டில் இருந்துகொண்டாள். அந்த வாரம் கன்வென்ஷன் கூட்டத்துக்காகக் கோயில் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கவில்லை போலிருக்கிறது. சமையற்கட்டில் நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது ஐயரின் குரல் தெருவழியாக வந்தது. என் பெயர், என் அப்பா பெயர், வள்ளியூர், மாப்பிள்ளை பெயர். நியாயமான ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம்.

ஸ்பீக்கரில் விசிறிகளின் சரசரப்புகூடக் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"உண்டு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எங்கள் சமையற்கட்டின் நாலு சுவருக்கும் கேட்டது.

அம்மா அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். அம்மா நறுக்கிக்கொண்டே, "எனக்கும் இருந்துச்சு" என்றாள்.

உள்ளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"அப்ப இந்தக் குழாய் எல்லாம் கிடையாது. வாசிச்சதே தெரியாது. அங்கன வாசிக்கும்போது நான் இங்கன அரிசி புடைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

என்ன ஆட்சேபணை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆராதனை முடிந்து தெருவில் செருப்புச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. அம்மா நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டாள்.

"அப்பா வந்துருவாவ. தேங்காயத் துருவு" என்றாள்.

துருவினேன். மறுநாள் நான் இல்லாமல் கல்லூரி திறந்தது.