ஏழு நாள் அலை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கி, நெய்யாற்றின்கரைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, பாதி வழியில் இறங்கி ரப்பர் மரங்களுக்கிடையே ஏறிப்போனால் ஒரு வீடு. அந்த வீட்டு மொட்டைமாடியில்தான் என் ஆராய்ச்சி வெயில் காய்ந்துகொண்டு நின்றது.

சூரியனின் புற ஊதாக் கதிர், மேலே இருக்கிற ஓசோனைத் தாண்டி எவ்வளவு தரைக்கு வந்து சேர்கிறது என்று அளப்பது என் வேலை. நகரத்துப் புகை வேண்டாம் என்று அந்த மாடியைக் கேட்டு வாங்கியிருந்தோம். கருவியின் உச்சியில் உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிக் குமிழ். அதிலிருந்து ஒரு கம்பி கீழறைக்கு வரும். அங்கே ஒரு பேனா சுருள் தாளில் பகல் முழுக்கக் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். வியாழன்தோறும் திருவனந்தபுரத்திலிருந்து போய்ச் சுருளை மாற்றி எடுத்து வருவேன்.

வீட்டுக்கார அக்கா தையல்காரி. என்னைவிட இரண்டு வயது மூப்பு. கணவருக்கு ஆட்டோ. நான் ஆசிரியை இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் இரண்டு பேருக்கும் நான் டீச்சர்தான்.

மூன்று மாதத் தாள்களை வரிசையாக ஒட்டிப் பார்த்த அன்று ஒன்று கண்ணில் பட்டது. நண்பகல் அளவு திடீரென்று சரிகிறது, சில நாளில் மெல்ல ஏறுகிறது, மறுபடி சரிகிறது. ஏழு நாளுக்கு ஒரு தரம், தவறாமல். மேல்வளியில் சில நாள் இடைவெளியில் பூமியைச் சுற்றிவரும் பெரிய அலைகள் உண்டு. அப்படி ஒன்று ஓசோனை அசைத்துக்கொண்டு என் தலைக்கு மேலே போகிறது என்றே நினைத்தேன். எங்கள் தாள்களில் கிழமை எழுதமாட்டோம். ஜனவரி முதல் நாளிலிருந்து வரிசை எண்தான். நாற்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்பது... அந்த எண்களை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியரும் மகிழ்ந்துபோனார். கருத்தரங்கில் இதைப் பேசுவதற்குச் சுருக்கம் அனுப்பியாயிற்று. என் உதவித்தொகையை இன்னொரு வருஷம் நீட்டுவார்களா என்பதும் அந்தப் பேச்சைத்தான் நம்பியிருந்தது.

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை ஹர்த்தால். பஸ் இல்லை. மறுநாள் போனேன். மாடிப்படி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கண்ணாடிக் குமிழின் நடு உச்சியில் சந்தனம். அதன்மேல் ஒரு தெச்சிப்பூ.

"யாரு இதை வச்சது?" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா தையலை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நான்தான் டீச்சரே. வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு வந்து தையல் மெஷினுக்கு வைப்பேன், ஆட்டோவுக்கு வைப்பேன். இது மட்டும் என்ன பாவம் செய்தது? நம்ம வீட்டுல நிக்கிற சாமானாக்கும்."

"நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே!"

"நீங்க வாறது வியாழக்கிழமை இல்லியா? அதுக்குள்ள முக்காலும் காஞ்சு உதிர்ந்திரும். மிச்சம் இருந்தா அன்னைக்குக் காலத்தே துடைச்சு வச்சிருவேன். வாற ஆளு வீடு சுத்தமில்லன்னு நெனைக்கப்பிடாதுல்லா."

கீழேயிருந்து கணவர், "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஒழுங்கா வச்சு விட்டிருக்கியா பிள்ளே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். என் ஏழு நாள் அலை அக்காவின் மோதிர விரலிலிருந்து கிளம்பியிருக்கிறது!

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்து நான் கேட்டது இன்னும் கேவலம். "இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா." பத்து நாள்தானே. பேசி முடித்து, உதவித்தொகை கைக்கு வந்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வச்சதை எதுக்கு டீச்சரே மறைக்கணும்? திங்கக்கிழமை நானும் வாறேன். உங்க சாருகிட்ட நானே சொல்லுகேன். ஏச்சு எனக்குக் கிடைக்கட்டு."

அவர் மெய்யாகவே வருவார். தைத்துக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டு, பஸ் ஏறி, முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் முன்னால் போய் நிற்பார். என் பிழைக்காக. காலண்டரைப் புரட்டிப் பார்க்காதவள் நான். அத்தனை வாரம் அந்த வீட்டில் சாயா குடித்தும், கருவியைத் தொடுவதுண்டா என்று ஒரு வார்த்தை கேட்காதவளும் நான்தான்.

திங்கட்கிழமை தனியாகப் போய்ச் சொன்னேன். பேராசிரியர் தாளையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வெள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு, "சரி, சந்தனம் எவ்வளவு கதிரைத் தடுக்குதுன்னு அளந்தியா?" என்றார்.

அதைத்தான் அளந்தோம். கருத்தரங்கில் அலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிழை எப்படி நுழைந்தது என்று பேசினேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து தன் கருவிக்கு நேர்ந்த கதையைச் சொன்னார்; அப்புறம் இன்னொருவர். உதவித்தொகை, ஒரு வருஷம் கேட்டதற்கு ஆறு மாதம் நீண்டது. அக்கா சந்தனத்தைக் கருவியின் இரும்புக்காலுக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு பேனா எழுதியதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவும் உண்மையான வெயில்.

இத்தனை வருஷம் கழித்தும், ஒரு வரைபடம் ஆளை மயக்குகிற அழகோடு என் மேசைக்கு வந்தால், வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் வாசலில் போய் நிற்கிறேன்.