பதவியேற்பு நாள் பிரியாணி

என் அப்பாவிடம் இருந்தது ரோஜா நிறக் குடியுரிமை அட்டை. அவரோடு ஒரே வயிற்றில் பிறந்த பெரியப்பாவிடம் இருந்தது பச்சை அட்டை. இருவரும் பிறந்தது யாங்கோனில்தான். வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு மேசைகளுக்கு முன்னால் நின்று விண்ணப்பித்தார்கள். அப்பாவின் மேசையில் இருந்தவர் அவரைப் பிறப்பால் குடிமகன் என்று எழுதினார். பெரியப்பாவின் மேசையில் இருந்தவர் குடியுரிமை வழங்கப்பட்டவர் என்று எழுதிவிட்டார். அண்ணன் தம்பியில் ஒருவருக்கு முடி நரைத்து இன்னொருவருக்கு நரைக்காததைப் போலத்தான் யாங்கோனின் தாமுவே பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் இதை எடுத்துக்கொண்டார்கள்.

அட்டையின் நிறம் வீட்டுக்குள் ஒரு பேச்சாக வளர்ந்தது 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். பெரியப்பாவின் மகள் அந்த மாதம்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்திருந்தாள்; பர்மாவில் பள்ளிப் படிப்பு அதோடு முடிந்து அடுத்தது கல்லூரிதான். நான் அவளை அக்கா என்பேன். டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. மதிப்பெண் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பச்சை அட்டைக்காரரின் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது எங்கள் தெருவில் எல்லோரும் அறிந்த விஷயம். அக்காவுக்கு ரோஜா அட்டை வாங்கியாக வேண்டும். பெரியப்பா மூன்று தலைமுறைக் காகிதங்களையும் சேர்த்துவிட்டார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, வார்டு தலைவரின் ஒப்புதல் கடிதம். மார்ச் முடிவதற்குள் கொண்டுவரும்படி குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஏப்ரல் வந்துவிட்டால் தண்ணீர்த் திருவிழா. அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். திறக்கும்போது எந்த மேசையில் யார் இருப்பார், என்ன விதி இருக்கும் என்று எவருக்கும் தெரியாது.

வார்டு தலைவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆட்சியை விட்டுப் போகிற கட்சியின் ஆள். பெரியவரே என்ற பொருளில் எல்லோரும் அவரை ஊஜி என்று அழைத்தோம். அவர் பெரியப்பாவுக்கு மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாளைக்கு வாருங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மாமா அந்த யோசனையோடு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; எங்களோடுதான் இருந்தார். முந்தைய நவம்பரில் ஜெயித்த கட்சிக்காகத் தொண்டை வற்றக் கத்தியவர். மார்ச் முப்பதாம் தேதி, புதன்கிழமை, புதிய ஜனாதிபதி பதவியேற்கிறார். அன்றைக்கு நம் வீட்டு வாசலில் அந்தக் கட்சியின் சிவப்புத் துணியைக் கட்டி, டிவியைத் தூக்கி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சோறு போடவேண்டும் என்றார். பர்மியர்கள் இதைச் சதுதிதா என்பார்கள். நல்ல காரியம் எதுவானாலும் வாசலில் அண்டாவை இறக்கி, பேர் ஊர் கேட்காமல் எல்லோருக்கும் பரிமாறுவது. விசேஷங்களுக்குப் பிரியாணி சமைப்பதுதான் அப்பாவின் தொழில் என்பதால் அண்டாவுக்கு வெளியே போகவேண்டியதில்லை.

"வாசல்ல செவப்புத் துணி கட்டிட்டு, நாளைக்கு நான் அந்த ஆளுகிட்ட எந்த மூஞ்சோட போய் நிக்கிறது?" என்றார் பெரியப்பா.

"பெரியத்தான், நாளைக்கு அந்த ஆளுதான் ஒங்ககிட்ட வந்து நிக்கணும். காலம் மாறிருச்சு," என்றார் மாமா.

"காலம் மாறட்டும்டா. கையெழுத்துப் போடுற கை மாறலையே."

அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் மச்சான். வெங்காயம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுகிற பாவனையில் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவும் இரண்டாகத்தான் கிடந்தது. ஜெயித்த கட்சிக்குத் தலைவி ஒரு பெண்மணி. அவரால் ஜனாதிபதி ஆக முடியவில்லை. கணவனோ மனைவியோ பிள்ளைகளோ வேறு நாட்டுக் குடிமக்களாக இருந்தால் அந்தப் பதவிக்குத் தகுதி இல்லை என்று அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அவருடைய மகன்கள் இருவரும் வெளிநாட்டுக் குடிமக்கள். ஆகவே அவருக்கு நம்பிக்கையான ஒருவர் பதவியேற்கிறார். சட்டம் சட்டம்தானே என்றது பாதித் தெரு. அவரை மறிப்பதற்கென்றே எழுதிய சட்டம் என்றது மறுபாதி. தேநீர்க் கடையில் இரண்டு பாதிகளும் வேறு வேறு மேசைகளில் உட்கார ஆரம்பித்திருந்தன.

வீட்டுச் சண்டைக்கு வழி கண்டது அம்மா. அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும், யோசனை தடுமாறாது.

"ஊஜியையே கூப்புடுங்க. மொத அகப்பை அவர் போடட்டும்."

"வருவாரா?" என்றார் அப்பா.

"வராம இருக்க முடியாது. வந்துட்டா, நம்ம சோத்த அவர் கையால போட்டுட்டா, அப்பறம் ஆனாதே."

ஆனாதே என்பது பர்மியர்களிடம் உள்ள ஒரு தாட்சண்யம். ஒருவர் மனம் கோணும்படி முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் உள்ளுக்குள் வந்து நெருக்குகிற கூச்சம். சோறு போட்ட வீட்டுக்காரன் காகிதத்தை நீட்டினால், நாளைக்கு வா என்று எந்தப் பர்மியனாலும் சொல்ல முடியாது என்பது அம்மாவின் கணக்கு. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. நம்முடைய கொண்டாட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கச் சொல்வதா என்று முறைத்தார். அம்மா அவரைப் பர்மிய மொழியில் ஏதோ சொல்லி அடக்கினார். பெரியப்பா போய் அழைத்துவிட்டு வந்தார். ஊஜி என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "தலைய ஆட்டுனாரு. எந்தப் பக்கமா ஆட்டுனாருன்னு தெரியல," என்றார்.

பர்மியரின் தபவுங் மாதப் பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பதவியேற்பு நாளன்று காலையிலேயே தெருவில் வெயில் கொதித்தது. வாசலில் சிவப்புத் துணி கட்டவில்லை. அது பெரியப்பாவுக்காக மாமா விட்டுக்கொடுத்தது. பதிலுக்குத் தான் மட்டும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டார். டிவியை ஒரு பழைய மேசையில் வைத்து, ஜன்னல் வழியாக வயரை இழுத்தார்கள். அப்பா அண்டாவின் மூடியைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா மட்டும் வீட்டுக்குள், வாசற்படிக்குப் பின்னால் நின்றாள். முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். அது வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பத்து வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்டா திறக்கவில்லை என்பதும் எல்லோரும் தெருமுனையையே பார்க்கிறார்கள் என்பதும்தான்.

டிவியில் நாடாளுமன்றம் நிறைந்துவிட்டது. தெருவிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊஜி வரவில்லை. அப்பா மூடியைத் தொட்டார். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். பெரியப்பா வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்து நடந்து ஒரு செருப்பின் வாரை அறுத்துக்கொண்டார்.

பதவிப் பிரமாணம் தொடங்குகிற சமயத்தில் ஊஜி வந்தார். வெள்ளைச் சட்டை, லுங்கிபோலக் கட்டம் போட்ட லோஞ்சி. அவரோடு அவர் கட்சிக்காரரான வெற்றிலைக் கடைக்காரரும் வந்திருந்தார். அம்மா இரண்டு கைகளாலும் அகப்பையை நீட்டினார். ஊஜி அதை வாங்கி, திறந்த அண்டாவுக்குள் விட்டு, சோற்றை அள்ளித் தூக்கினார். அதே கணத்தில் மாமா போனை உயர்த்தினார்.

ஊஜியின் கை அப்படியே நின்றது. அகப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"படம் வேண்டாம்," என்றார் பர்மிய மொழியில், மெதுவாக.

"நல்ல நாள் ஊஜி, சும்மா ஒரு ஞாபகத்துக்கு. ஃபேஸ்புக்ல போட்டா..."

"போனை உள்ள வை," என்றார் அம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மாமா வைத்தார். அகப்பை ஒரு தட்டில் இறங்கியது. பெரியப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதோடு தீர்ந்திருக்கலாம். டிவியில் கேமரா திரும்பி, தலைவியின் முகத்தைக் காட்டியது. பதவியேற்கிறவருக்கு அருகில், தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். வெற்றிலைக் கடைக்காரர் வாயில் சோற்றோடு சிரித்தார்.

"அழுது என்ன பண்ண? பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்துட்டு, அம்மா மட்டும் இங்கே ஆளணுமா?"

மாமா தட்டைக் கீழே வைத்தார். "அவங்க பிள்ளைங்க பாஸ்போர்ட்டு ஒன் தொண்டைல எங்க குத்துது?"

"தம்பி, யார் வீட்டு வாசல்ல நின்னு பேசறேன்னு பார்த்துப் பேசு. இங்கே அட்டையே அரைகுறை."

அப்பா எழுந்துவிட்டார். மாமா இரண்டடி முன்னால் போனார். தெருவில் எல்லோரும் தட்டைப் பிடித்தபடி நின்றார்கள். ஊஜி யாரையும் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா நடுவில் வந்து நின்றார். வாழ்நாள் முழுவதும் அலுவலக வாசல்களில் குனிந்து குனிந்தே பேசிப் பழகிய மனிதர். அவருக்கு இரைந்து பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

"அங்க பிள்ளைங்களால அம்மாவுக்கு இல்லைன்னுட்டாங்க," என்றார் பர்மிய மொழியில், தெரு முழுவதும் கேட்கும்படி. "இங்க என்னால என் பிள்ளைக்கு இல்ல. ரெண்டையும் எழுதினவங்க யாரும் இந்தத் தெருவுல இல்ல. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதவர்போல அங்கேயே நின்றார். யாரோ ஒருவர் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அப்பா ஊற்றினார். கூட்டம் மறுபடியும் சாப்பிடத் தொடங்கியது. மாமா வாயில் வந்த ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு டிவிப் பக்கம் போனார்.

ஊஜி கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். கை கழுவினார். அம்மா துண்டை நீட்டினார். துடைத்துக்கொண்டே, வெற்றிலைக் கடைக்காரர் காதில் விழாத அளவுக்கு, "அந்தக் காகிதம் கையில் இருக்கிறதா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

வீட்டுக்குள் போனோம். அக்கா காகிதத்தைக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்து, நின்றபடியே ஊஜி கையெழுத்துப் போட்டார். முத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்பதைப் பார்த்து அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கையெழுத்துக்குக் கீழே நிதானமாகத் தேதி எழுதினார். நான் மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"ஊஜி, இன்னைக்கு முப்பது," என்றேன். "நீங்க இருபத்தொம்பது போட்டிருக்கீங்க."

அவர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவருடைய மேல் உதட்டில் வியர்வை பூத்திருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"இருபத்தொம்பதுதாம்மா," என்றார் அப்பா.

"இன்னைக்கு புதன்கெழம! நேத்துதான் இருபத்தொம்பது. டிவில கூடச் சொன்னாங்களே!"

"இருபத்தொம்பது," என்றார் பெரியப்பா. அவர் கண்கள் காகிதத்தை விட்டு நகரவில்லை. அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். அழுத்தமான கிள்ளல், நீலம் பாரித்துப்போனது. ஊஜி வெளியே போய், எல்லோரும் பார்க்கும்படி கொஞ்ச நேரம் டிவி முன்னால் நின்றுவிட்டுக் கிளம்பினார்.

பெரியப்பா மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இழுத்தடித்தார்கள், ஆனாலும் கல்லூரி சேரும் நாளுக்கு முன்னால் அக்காவின் ரோஜா அட்டை வந்துவிட்டது. படித்து முடித்தாள். ஊஜியை அன்றைக்கு நாங்கள் தாட்சண்யத்தால் வளைத்துவிட்டோம் என்றுதான் அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய ஆட்சியின் கடைசி நாளில் போட்ட கையெழுத்தை, புதியவர்களுக்குப் பயந்து போட்டான் என்று அவருடைய ஆட்கள் குறை சொல்ல முடியாது. கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அலைக்கழித்தான் என்று புதியவர்களும் சொல்ல முடியாது. முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்தத் தேதியையும் அவர் முடிவு செய்திருப்பார். பெரியப்பாவைப் போலவே அவரும் பயந்துகொண்டுதான் எங்கள் தெருவில் நடந்து வந்திருக்கிறார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து தேதியை மறந்துவிட்டார்களே என்றுதான் இருந்தது. வாசலில் டிவியில் ஜனாதிபதி பேசி முடித்திருந்தார், கைதட்டல் கேட்டது. அக்கா அந்தக் காகிதத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தாள். காய்ந்த பிறகும் ஊதினாள்.

"அக்கா, நீயாவது சொல்லு. இன்னைக்கு முப்பதுதானே?"

"ஒனக்கு முப்பது," என்றாள். "எனக்கு இருபத்தொம்பது."

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. பசியில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, வாசலுக்கு ஓடி, கறித்துண்டு பெரிதாகப் பார்த்து ஒரு தட்டுப் பிரியாணி வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன்.